ஓதி ஊதிய கடல்தண்ணி

கொட்டாஞ்சேனை,
28 மார்ச் 1938.

அன்புள்ள நளீபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம் எண்டு எழுதினா நீ சிரிப்பாய். ஆனபடியால் உயிரோட இருக்கிறன் எண்டு மட்டும் எழுதுறன். ஜவாஹிறாவுக்கு இருமல் குறைஞ்சதா? போன கிழமை புறக்கோட்டையில உன்ட தம்பி ஷிப்லியைக் கண்டன். மகளுக்கு முன்பல் ரெண்டும் விழுந்துட்டுதாம். என்ட மகள்ட பல் விழுந்ததைக் கூட மச்சினன் வாயால கேட்டுத் தெரிஞ்சுகொள்ள வேண்டிக் கிடக்கு.

என்ட வேலை அதேதான். விடிய ரயில் கோச்சியில ஏறி, ஆக்கள் குளிக்கிற கரை ஒவ்வொண்டிலயும் இறங்கி, இடுப்பளவு தண்ணியில நிண்டு போத்தலை நிரப்பி, ஐஸ் பெட்டியில அடுக்கி, வெயில் ஏற முன்னம் லெபோரட்டரிக்குக் கொண்டுபோறது. காலிமுகத்தில இருந்து கல்கிசை வரைக்கும் தண்ணி எடுக்கிறம். துரைமாரும் நோனாமாரும் குளிக்கிற இடமெல்லாம் இதில அடங்கும். உங்கட ஒழுங்கைக் கோடியில, ரயில் பாதைக்கு அங்கால பொம்பிளைகள் இறங்குற கரை மட்டும் இல்ல. எங்கட லெபோரட்டரி டொக்டர் சிவானந்தனிட்ட கேட்டன். அது பொதுக் குளிப்பிடம் இல்லையே எண்டு சொல்லிட்டார். ஒடுக்கத்துப் புதனுக்கு வெள்ளவத்தைச் சோனக வீட்டுப் பொம்பிளைகள் அவ்வளவு பேரும் இறங்குற இடம் பொது இல்லாட்டி வேற எது பொதுவோ எனக்கு விளங்கல்ல.

அதைப் பற்றித்தான் எழுத வந்தன். ஸபர் மாசம் பிறக்கப் போகுது, அதின்ட கடைசிப் புதன், ஒடுக்கத்துப் புதன் வந்துடும். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில விழுற வாய் மண் மூடிக் கிடந்ததைப் போன கிழமை வெட்டி விட்டிருக்கிறாங்க. கோச்சி ஜன்னலால பார்த்தன். உள்ளுக்குத் தேங்கிக் கிடந்த கறுப்புத் தண்ணி கரையோட ஒட்டிக்கொண்டு தெற்கால இறங்குது, நேரே உங்கட கரைக்கு. வருஷத்து முஸீபத்து, கெடுதியெல்லாம் கழியட்டும் எண்டு நீங்க அதில போய் முழுகப் போறீங்க. ஜவாஹிறாவை இறக்காதே. மாமியிட்டயும் சொல்லு.

இன்னொண்டு. இங்க வீடு திறந்துதான் கிடக்கு. பைப் தண்ணி இருக்கு, புது வடிகட்டி ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறன். நீங்க ரெண்டு பேரும் எப்பவும் வரலாம்.

இப்படிக்கு,
பதியுதீன்


வெள்ளவத்தை,
1 ஏப்ரல் 1938.

ஜவாஹிறாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மகள் சுகம். இருமல் எப்பவோ போயிட்டுது. பல் விழுந்ததை எழுதாம விட்டது பிழைதான், ஒப்புக்கொள்ளுறன். ஆனா போன முறை அவள் தடக்கி விழுந்ததை எழுதினதுக்கு, முழங்காலைக் கார்போலிக் போட்டுக் கழுவு, மண்ணில விளையாட விடாதே, நாய் வந்த மண்ணா பார் எண்டு ரெண்டு பக்கம் எழுதினீங்க. பல்லு விழுந்த ஓட்டைக்குள்ள என்ன ஊத்தச் சொல்லுவீங்களோ எண்டு பயந்துதான் விட்டன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உங்கட வீட்டில நான் கொதிக்கவைச்ச தண்ணியைத் திரும்பக் கொதிக்கவைச்சவள். பார்க்க வந்த மனிசருக்குத் தேத்தண்ணி குடுக்க முன்னம் அவங்க கண்ணுக்கு முன்னாலயே கோப்பையை வெந்நீரில முக்கி எடுப்பீங்க. அதையெல்லாம் சிரிச்சுக்கொண்டு தாங்கினன். எதைப் பற்றி வேணுமெண்டாலும் எழுதுங்க, வாசிப்பன். கடலைப் பற்றி எனக்கு எழுதாதீங்க.

மகன் ராசிக் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் எங்கட வாப்பாவின் இந்த வீட்டிலதான் ஓதினது. மீரா சாஹிப் முதலாளிட பேரனுக்கு எண்டு வெள்ளவத்தையே வந்திருந்தது. திரைக்கு அங்கால ஆம்பிளைகள், இங்கால நாங்கள். ஓதி முடிஞ்சு எல்லாரும் அமைதியா இருக்கேக்க உங்கட சத்தம் கேட்டது. "பிள்ளையைக் கடலுக்குக் கொண்டுபோனது யார் எண்டு கேளுங்க." நான்தான் கொண்டுபோனன். ஒண்டரை வயசுப் பிள்ளை, பலாய் முஸீபத்து ஒண்டும் அண்டப்படாது எண்டு, என்னை உம்மா கொண்டுபோன மாதிரி நானும் ஒடுக்கத்துப் புதனுக்குக் கொண்டுபோய் முழுக்காட்டினன். அதுக்குப் பிறகு அவனுக்கு வயித்தோட்டம் வந்தது, காய்ச்சல் வந்தது, போயிட்டான். ரெண்டையும் ஒரு கயித்தில கட்டினது நீங்க. திரைக்கு இங்கால இருந்த அவ்வளவு பொம்பிளைகளும் திரும்பி என்ட முகத்தைப் பார்த்தாங்க.

இப்ப அதே கரைத் தண்ணியைச் சோதிக்கவேணும் எண்டு நிக்கிறீங்க. எனக்கு விளங்காதா? உங்கட கண்ணாடிக் குழாய் அந்தத் தண்ணி கூடாது எண்டு சொன்னா, பிள்ளையைச் சாகடிச்சது தாய்தான் எண்டு சர்க்கார் முத்திரை குத்தித் தந்த மாதிரித்தானே.

வீடு திறந்து கிடக்கெண்டா பூட்டி வைங்க. கொட்டாஞ்சேனையில கள்ளர் அதிகம்.

நளீபா


கொட்டாஞ்சேனை,
4 ஏப்ரல் 1938.

அன்புள்ள நளீபாவுக்கு,

உன்ட கடிதத்தை வாசிச்சதில இருந்து ஒரு இடத்தில இருக்க முடியல்ல. எழும்பி நடக்கிறன், வந்து இருந்து ரெண்டு வரி எழுதுறன், திரும்ப எழும்புறன். பக்கத்து வீட்டு யோசெப்பின் அக்கா வேலிக்கு மேலால எட்டிப் பார்த்து, என்ன தம்பி வயித்துக் குத்தா எண்டு கேட்டாங்க.

நீ எழுதின மாதிரி நான் நினைக்கவே இல்ல. அல்லாஹ் மேல ஆணையா இல்ல. ஜவாஹிறாவை நினைச்சுத்தான் எழுதினன். ஒரு பிள்ளையைக் குடுத்தாச்சு, மற்றதையும் குடுக்க எனக்குத் தைரியம் இல்ல. அவ்வளவுதான் என்ட மனசில இருந்தது.

அந்தக் கத்தத்தில பேசினதைப் பற்றி என்னத்தை எழுத? எழுதி எழுதி வெட்டுறன்.

கடலைப் பற்றி எழுதாதே எண்டு நீ சொல்லியும் எழுதுறன், கோவிக்காதே. திரும்பவும் டொக்டரிட்ட போனன். அந்தக் கரைத் தண்ணியைச் சோதிச்சு ஒரு முடிவு கையில இருந்தா, புதன்கிழமைக்கு மட்டும் எண்டாலும் ஒரு போர்டு போட்டு, சிவப்புக் கொடியோட பியூன் ஒருத்தனை நிப்பாட்டலாம் எண்டு சொல்லுறார். தண்ணியை யார் எடுக்கிறது? பொம்பிளைகளுக்கு எண்டு ஒதுக்கின கரை அது. அதோட, அந்த ஒழுங்கைக்குள்ள கால் வைச்சா முறிப்பன் எண்டு மாமா பள்ளிவாசல் முற்றத்தில வைச்சே சொல்லியிருக்கிறார். மாமா சொன்னா செய்வார்.

நீ எடுத்துத் தருவியா? கேட்கிறது பெரிய காரியம் எண்டு எனக்குத் தெரியும். ஆனா உன்னை விட்டா எனக்கு அங்க ஆள் இல்ல.

பதியுதீன்


வெள்ளவத்தை,
9 ஏப்ரல் 1938.

ஜவாஹிறாவின் வாப்பாவுக்கு,

மாட்டன்.

இந்த ஒரு சொல்லோட கடிதத்தை ஒட்டி ஷிப்லியிட்ட குடுக்கத்தான் இருந்தன். அதுக்குள்ள முன்வீட்டு பீபி வந்தாள். உங்களுக்கு அவளைத் தெரியும், எங்கட கலியாணத்துக்கு மருதாணி வைச்சவள். ஆறேழு வருஷமாப் பிள்ளை இல்லாம இருந்து இப்ப ஒரு ஆம்பிளைப் பிள்ளை கிடைச்சிருக்கு, தவழுது. தொட்டதெல்லாம் வாய்க்குள்ள போடுது, நீங்க பார்த்தா மயங்கி விழுவீங்க. பிள்ளைக்கு இதுதான் முதல் ஒடுக்கத்துப் புதன், புதுச் சட்டை தைச்சு வைச்சிருக்கிறாள். அதைக் காட்டத்தான் வந்தாள். காட்டிப்போட்டு, போகேக்க வாசலில நிண்டு மெதுவாக் கேட்டாள், "நளீபா, கொண்டுபோகலாம்தானே?"

என்னட்ட ஏன் கேட்டாள் எண்டு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சட்டை வடிவா இருக்கு எண்டன்.

அனுப்புங்க உங்கட போத்தலை.

நளீபா


கொட்டாஞ்சேனை,
பெரிய வெள்ளி, 15 ஏப்ரல் 1938.

அன்புள்ள நளீபாவுக்கு,

இண்டைக்குத் தபால் இல்ல. போத்தலையும் இந்தக் கடிதத்தையும் ஷிப்லியிட்ட குடுத்துவிடுறன். வருஷப் பிறப்பு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் எண்டு லெபோரட்டரி பூட்டிக் கிடக்கு, செவ்வாய்க்கிழமைதான் திறக்கும். அதால தண்ணியைச் செவ்வாய் விடியத்தான் எடுக்கவேணும். முன்னமே எடுத்து வைச்சா உள்ளுக்கு இருக்கிறது பெருகிப்போகும்.

கவனமாக் கேள். போத்தலைச் சூட்டில வைச்சுச் சுத்தமாக்கித்தான் கடதாசி சுத்தியிருக்கு. நீ கழுவப்படாது. கழுவுவாய் எண்டு எனக்குத் தெரியும், ஆனபடியால் திரும்ப எழுதுறன், கழுவப்படாது. இடுப்பளவு தண்ணிக்குப் போ. மூடியைத் திற, அதைக் கீழ வைக்காதே, கையிலயே பிடி. போத்தலைத் தலைகீழாப் பிடிச்சு முழங்கை வரைக்கும் அமத்தி, தண்ணிக்குள்ள வைச்சுத்தான் வாயை மேல திருப்பவேணும், அலை வாற பக்கமா. உன்ட கையில பட்ட தண்ணி உள்ளுக்குப் போகப்படாது. கொஞ்சம் இடம் விட்டு உடனே மூடி, கடதாசியைத் திரும்பக் கட்டு. திறந்து மூடுற நேரத்தில பக்கத்தில ஒருத்தரும் பேசவும் கூடாது, தும்மவும் கூடாது. அதுக்குப் பிறகு லெபோரட்டரியில நான் திறக்குமட்டும் ஒருத்தரும் திறக்கக்கூடாது. ஐஸ் பெட்டி ஷிப்லி கொண்டருவான்.

என்ன செய்யிறோம் எண்டும் சொல்லிவிடுறன், நீ கேட்பாய். ஊதா நிறத்தில ஒரு சாறு இருக்கு. அதை டியூபுகளில ஊத்தி, உள்ளுக்கு ஒரு குட்டி டியூபைக் கவிழ்த்து வைச்சிருக்கும். அதுக்குள்ள உன்ட தண்ணியை விட்டு, உடம்புச் சூட்டில இருக்கிற அலுமாரியில வைக்கிறது. குடலில வாழுற கிருமி தண்ணியில இருந்தா ஊதா மஞ்சளாகும், குட்டி டியூபில காத்து ஏறி நிக்கும். மனிசன்ட கழிவு கலந்திருக்கு எண்டு அர்த்தம். இல்லாட்டி ஊதா ஊதாவாவே கிடக்கும்.

யோசெப்பின் அக்கா கஞ்சி குடுத்துவிட்டாங்க. குடிச்சன். கோப்பையைக் கழுவாமலே குடிச்சன், நம்பு.

பதியுதீன்


வெள்ளவத்தை,
19 ஏப்ரல் 1938.

ஜவாஹிறாவின் வாப்பாவுக்கு,

ஷிப்லி வெளிக்கிட நிக்கிறான், அவசரமா எழுதுறன். உம்மாவைக் கரையில நிப்பாட்டிப்போட்டு நான்தான் இறங்கினன். நீங்க சொன்ன மாதிரியே எடுத்தன், கழுவல்ல. ராசிக்கைக் கொண்டுபோன நாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் அந்தத் தண்ணிக்குள்ள கால் வைச்சன். தண்ணி சூடா, மெத்தெண்டு இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கல்ல. நல்லாப் பயமாக் கிடக்கு மச்சான். முடிவு என்ன எண்டாலும் சுருக்கா எழுதுங்க.

நளீபா


கொட்டாஞ்சேனை,
21 ஏப்ரல் 1938.

அன்புள்ள நளீபாவுக்கு,

வந்துட்டுது முடிவு. எல்லா டியூபும் மஞ்சள். எல்லாத்திலயும் காத்து. கல்கிசையிலயும் காலிமுகத்திலயும் எடுத்ததை உன்ட தண்ணிக்குப் பக்கத்தில வைச்சுப் பார்த்தா, அதுகளில ஒண்டு ரெண்டுதான் மாறியிருக்கு. நான் கோச்சி ஜன்னலால பார்த்ததை நம்பாம இருந்தாங்களே, இப்ப நான் சொன்னது சரியாப் போச்சு.

டொக்டர் டியூபுகளை வெளிச்சத்துக்குப் பிடிச்சு ஒவ்வொண்டாப் பார்த்தார். இந்தத் தண்ணியை எடுத்தது யார், நல்ல ஒழுங்கா எடுத்திருக்கு எண்டு கேட்டார். என்ட மனைவி எண்டன். சொல்லேக்க எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா? புதன்கிழமைக்குத் தமிழிலயும் சிங்களத்திலயும் போர்டு எழுதக் குடுத்தாச்சு. பியூனும் கொடியும் வரும். பீபிட்ட சொல்லு, சட்டையைப் பெருநாளைக்கு வைச்சுக்கொள்ளட்டும்.

எனக்கு நித்திரை வருது நளீபா. எத்தினையோ நாளைக்குப் பிறகு.

பதியுதீன்


வெள்ளவத்தை,
23 ஏப்ரல் 1938.

ஜவாஹிறாவின் வாப்பாவுக்கு,

சரியாப் போச்சு எண்டு எழுதியிருக்கிறீங்க. பெருமையா இருந்தது எண்டும் எழுதியிருக்கிறீங்க. நித்திரை வருதாம். அந்தக் கடிதத்தை அடுப்படியில நிண்டு வாசிச்சுப்போட்டு நான் அப்படியே நிலத்தில இருந்துட்டன். உங்கட மஞ்சள் குழாய்கள் என்னைப் பார்த்து என்ன சொல்லுது எண்டு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?

உம்மா வந்து என்ன எண்டு கேட்டாங்க. வாசிச்சுக் காட்டினன். அவங்க நெஞ்சில அடிச்சுக்கொண்டு அழத் தொடங்கிட்டாங்க. அழுகைக்கு நடுவிலதான் கதை வெளியில வந்தது. செவ்வாய்க்கிழமை நான் உங்களுக்குக் கடிதம் எழுத அறைக்குள்ள போன நேரம், போத்தல் முன்வாசலில ஐஸ் பெட்டிக்குள்ள இருந்திருக்கு. மாவிலையில குர்ஆன் வசனம் எழுதி, ஒடுக்கத்துப் புதனுக்கு அதைக் கழுவிக் குடிக்கத் தாற எங்கட லெப்பை ஒழுங்கையால போனாராம். உம்மா அவரைக் கூப்பிட்டு, போத்தலைக் கையில குடுத்து, என்ட மகள்ட பேர் இதுக்குள்ள கிடக்கு, நல்லபடியா வர ஓதித் தாங்க எண்டு கேட்டிருக்கிறாங்க. பாவம், அவர் என்னத்தைக் கண்டார், தண்ணி எண்டா ஓதி ஊதுறதுதானே அவர்ட தொழில். மூடியைத் திறந்து, ஓதி, மூண்டு தரம் உள்ளுக்கு ஊதி, மூடிக் குடுத்திருக்கிறார். உம்மா கடதாசியைப் பழையபடி கட்டி வைச்சுட்டாங்க. ஷிப்லிக்கும் தெரியா, எனக்கும் தெரியா.

உம்மாவில எனக்குக் கோபம் வரல்ல. இந்த ரெண்டு வருஷத்தில என்னைக் காப்பாற்றவேணும் எண்டு நினைச்சது அவங்க ஒருத்தர்தான்.

இப்ப நான் கேட்கிறன். தும்மவும் கூடாது எண்டு நீங்கதானே எழுதினீங்க. லெப்பைட மூச்சுப் பட்டுத்தான் அது மஞ்சளானது, கடல்தண்ணியில ஒண்டும் இல்ல எண்டு எனக்கு ஒரு வரி எழுதித் தாங்க. ஒரே ஒரு வரி. அதுக்குப் பிறகு உங்களிட்ட சாகும்வரைக்கும் ஒண்டும் கேட்கமாட்டன். கொட்டாஞ்சேனைக்கு வா எண்டா அதோட வெளிக்கிட்டு வருவன்.

நளீபா


கொட்டாஞ்சேனை,
25 ஏப்ரல் 1938.

அன்புள்ள நளீபாவுக்கு,

அந்த ஒரு வரியை எழுதினன். எழுதி, மடிச்சு, முத்திரையும் ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து கிழிச்சுப் போட்டன். நீ வருவன் எண்டு எழுதினதை வாசிச்ச கையால அதைக் கிழிக்க எனக்கு எப்படி இருந்திருக்கும் எண்டு நீ நினைச்சுப் பார்.

மூச்சில அந்தக் கிருமி இல்ல நளீபா. அது குடலிலதான் வாழுறது. லெப்பை மூண்டு தரம் இல்ல, முழுக் குர்ஆனையும் ஓதி ஊதினாலும் அத்தனை டியூபும் மஞ்சளாகாது. கடல் கெட்டுத்தான் கிடக்கு. நான் வேற மாதிரி எழுதினா, நீ சந்தோஷத்தில ஜவாஹிறாவைக் கையில பிடிச்சுக்கொண்டு இறங்குவாய். பீபியும் இறங்குவாள்.

ஆனா இடையில திறந்த போத்தலை ஏற்றுக்கொள்ளுறதில்ல. அது சட்டம். மறைச்சிருக்கலாம், எனக்கு ஏலல்ல, டொக்டரிட்ட சொல்லிட்டன். அவர் என்னை ஏசல்ல. முடிவைக் குறுக்கால வெட்டிக் கையெழுத்துப் போட்டார். திரும்ப எடுத்துச் சோதிக்க நேரமும் இல்ல. அதால போர்டு இல்ல, கொடி இல்ல, பியூன் இல்ல. புதன்கிழமை அந்தக் கரையில தண்ணியைப் பற்றித் தெரிஞ்ச ஆள் நீ ஒருத்திதான்.

இனி ராசிக். அவன் எதால போனான் எண்டு இந்த டியூபுகளால சொல்ல முடியாது. இண்டைக்குத் தண்ணி எப்படி எண்டுதான் அதுக்குத் தெரியும், ரெண்டு வருஷத்துக்கு முன்னம் எப்படி எண்டு தெரியாது. அந்த மாசம் எங்கட தெருவில வேற பிள்ளைகளுக்கும் அதே வயித்தோட்டம் வந்தது. யோசெப்பின் அக்காட தங்கச்சி மகனும் அதிலதான் போனான். அந்தப் பிள்ளைகள் ஒண்டும் கடலுக்குப் போனதில்ல. தெருப் பைப்பா, பாலா, ஈயா, கடலா, எனக்குத் தெரியாது. கத்தத்தில பேசேக்கயும் எனக்குத் தெரியாது. இந்த வேலை செய்யிற எனக்கே தெரியாது எண்டு சொல்ல வாய் வரல்ல, அதால உன்னைக் காட்டினன்.

இதை எப்பவோ எழுதியிருக்கவேணும்.

பதியுதீன்


வெள்ளவத்தை,
28 ஏப்ரல் 1938.

மச்சானுக்கு,

ஸலாம். உங்கட கடிதம் செவ்வாய் பின்னேரம் கிடைச்சது. யோசெப்பின் அக்காட தங்கச்சி மகனைப் பற்றி வாசிச்சபோது அதை அடுப்பில போடத்தான் எழும்பினன். ரெண்டு வருஷம் மச்சான். இந்த ஒண்டைச் சொல்ல உங்களுக்கு ரெண்டு வருஷம் எடுத்திருக்கு. அந்தக் கோபம் இன்னும் போகல்ல, போகுமோ எண்டும் தெரியா.

நேற்றைய கதையைச் சொல்லுறன். சுபஹ் தொழுகைக்குப் பிறகு எல்லாரும் வெளிக்கிட்டோம். போகாம வீட்டில இருந்துவிடலாம் எண்டு நினைச்சன், ஆனா பீபி குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால போறதைக் கண்டுட்டு இருக்க முடியல்ல. நான் சொல்லியும் அவள் புருஷன்ட உம்மா விடல்ல. மாவிலைத் தண்ணி வீட்டிலயே குடிச்சாச்சு. இலை கழுவுற தண்ணியைக் கொதிக்கவைச்சு ஆத்தித்தான் லெப்பையிட்ட குடுத்தன், ஒருத்தருக்கும் தெரியா, நீங்களும் வெளியில சொல்லாதீங்க.

வாப்பாவும் மற்ற ஆம்பிளைகளும் வழமைபோல ரயில் பாதையோட நிண்டுட்டாங்க. கடல் எப்படி இருந்தது தெரியுமா? கறுப்பும் இல்ல, நாத்தமும் இல்ல. அசைவில்லாம, அடியில கிடக்கிற மண் தெரியக் கிடந்தது. அதைப் பார்த்து எனக்கே உங்கட கடிதத்தில சந்தேகம் வந்தது. மெதுவா ரெண்டு மூண்டு பேரிட்ட, தண்ணி கூடாதாம் எண்டு சொல்லிப் பார்த்தன். ஓ, கொட்டாஞ்சேனைக் கடிதம் வந்ததோ எண்டு சிரிச்சாங்க. கடலுக்குமா அழுக்கு, ஊர் அழுக்கை எடுக்கிறதே கடல்தானே எண்டாள் ஒரு கிழவி. பீபிட மாமி அதுக்குள்ள பீபியைத் தண்ணிக்குள்ள தள்ளிக்கொண்டு போறாள்.

என்னட்ட போர்டும் இல்ல, கொடியும் இல்ல. என்னட்ட இருந்தது ஒண்டே ஒண்டுதான். நான் உடுத்தின உடுப்போட இறங்கி பீபிக்கு முன்னால போய் நிண்டன். நிண்டு, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாச் சொன்னன்.

"என்ட ராசிக்கை இந்த இடத்திலதான் முழுக்காட்டினன். என்ட கையாலதான் முழுக்காட்டினன். அவன் மௌத்தாகிட்டான். உன்ட பிள்ளையைக் கொண்டு போ."

திரைக்குப் பின்னால அண்டைக்குப் பார்த்த அதே முகங்கள்தான், அதே பார்வைதான். பீபி பிள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு திரும்பினாள். அவள் மாமியும் பின்னால போனாள். பிறகு ஒவ்வொருத்தியாப் பிள்ளைகளைக் கையில பிடிச்சுக்கொண்டு ஏறினாங்க. சில கிழவிகள் என்னை முறைச்சுப் பார்த்துக்கொண்டு முழுகித்தான் போனாங்க. அவங்களை அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு பிள்ளையும் தண்ணியில இறங்கல்ல.

எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரித்தான் சொன்னன். நீங்க தெரியாது எண்டு எழுதின கடிதம் என்ட சட்டைக்குள்ளதான் இருந்தது. தெரியாது எண்டு சொல்லியிருந்தா ஒருத்தியும் ஏறியிருக்கமாட்டாள். திரும்பி வரேக்க ஜவாஹிறா என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு, தம்பி கடலாலயா போனான் உம்மா எண்டு கேட்டாள். அவளுக்கு மட்டும் உண்மையைச் சொன்னன், உம்மாக்குத் தெரியாது மகள் எண்டு.

வாப்பா என்னோட கதைக்கிறதில்ல. குடும்ப மானத்தைக் கடற்கரையில வித்துட்டாளாம். உம்மா மட்டும் கிணத்தடிக்கு வந்து, என்ட காலில தண்ணி ஊத்திக் கழுவிவிட்டாங்க.

அந்தப் பேச்சை நீங்க பேசினபோது எனக்கு ஒரு வீடு போச்சு. நேற்று அதையே நான் பேசினன், பீபிக்குப் பிள்ளை மிஞ்சினது. இனி அதை வைச்சு என்னை ஒருத்தரும் வெருட்ட முடியாது, நீங்களும் முடியாது.

நீங்க கேட்ட காரியத்துக்கு மறுமொழி எழுதுறன். கொட்டாஞ்சேனைக்கு வாறதைப் பற்றி இப்ப கதைக்கவேண்டாம். கடிதத்தில என்னை விடுவிச்சுப்போட்டீங்க, அதை வாசிச்சது நான் ஒருத்திதான். குற்றம் சொன்னது ஊருக்கு முன்னால. அடுத்த மாசம் ராசிக்கின் வருஷக் கத்தம். வாப்பா கால் முறிப்பார் எண்டா முறிக்கட்டும், நீங்க வாங்க. ஓதி முடிஞ்சு எல்லாரும் அமைதியா இருக்கேக்க, பிள்ளை எதால போனான் எண்டு எனக்குத் தெரியாது எண்டு உங்கட வாயால சொல்லுங்க.

நான் திரைக்கு இங்காலதான் இருப்பன். எனக்குக் கேட்கத்தக்கதாச் சொல்லுங்க.

நளீபா